ஊசிக் கணக்கு

கழிவறைக்கு வழி கேட்டுத்தான் உள்ளே நுழைந்தோம்.
மாநிலப் பூங்காவில் இருந்த ஒரே கழிவறையையும்
பூட்டி வைத்திருந்தார்கள்.
குழாய் உறைந்துவிட்டதாம்,
ஏப்ரல் பிறந்து ஒன்பது நாளாகியும்.

மரக்கட்டை அடுக்கிக் கட்டிய ஓரறை வீடு.
முன்னோடிகள் அருங்காட்சியகம். சனி மட்டும்,
பதினொன்றிலிருந்து மூன்று வரை.
சட்டையில் வர்லீன் டோஸ்ட்ருட் என்று
பெயர் குத்தியிருந்த பெண்
பேசாமல் பின்கதவைக் காட்டினாள்.
டோபின் ஓடினான்.
சும்மா நிற்கக் கூச்சப்பட்டு
உண்டியலில் இரண்டு டாலர் போட்டேன்.
போட்ட பிறகு பார்க்காமல் போவதெப்படி?

வெண்ணெய் கடையும் பீப்பாய்.
அந்துப்பூச்சி தின்றது போக மிஞ்சிய
எருமைத்தோல் கோட்டு.
பல் பிடுங்கும் குறடு ஒன்று,
குதிரைக்கும் மனிதருக்கும் அதுவேதான்
என்றது அட்டை.
இறந்தவர்களின் தலைமுடியில் பின்னிய பூவளையம்
கண்ணாடிக்குள்:
பழுப்பு, செம்பட்டை, நரை,
நடுவில் சோளக்கதிரின் பட்டிழை நிறத்தில் ஒரு மொட்டு.
யாருடையது என்று கேட்கவில்லை.
மொட்டின் அளவே சொல்லிவிட்டது.

மேசைமேல் ஒரு கணக்குப் புத்தகம் திறந்து கிடந்தது.
கோதுமைக் கணக்கல்ல, கடன் கணக்குமல்ல,
ஊசிக் கணக்கு.
பதினொரு குடும்பத்துக்கும் ஒரே ஊசி.
‘குன்ஹில்ட் வாங்கினாள், செவ்வாய். தந்தாள், வியாழன்.’
‘ஸ்வான்பர்க் வீட்டார் வாங்கினர். பனிப்புயல்.
பதினாறு நாள் கழித்துத் தந்தனர்.’
‘இங்கபோர் வாங்கினாள்.’
அதன் பிறகு
கோடு போட்ட வெறும் தாள்.

“அந்த ஊசி எங்கே?” என்றான் டோபின்,
ஈரக் கையை ஜீன்ஸில் துடைத்தபடி.
“தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்” என்றாள் வர்லீன்,
ஏதோ நேற்றுத்தான் தொலைந்ததுபோல.

வடக்குச் சுவரில் வரைபடம்.
ஆறு மட்டும் நீலம், மற்றதெல்லாம்
சதுரம் சதுரமாக வெட்டிய மஞ்சள்.
அடியில் தட்டச்சு செய்த அட்டை:
‘அவர்கள் வந்தபோது இந்த நிலம் காலியாக இருந்தது.’
‘காலியாக’ என்பதன்மேல் பென்சிலில் ஒரு கோடு.
பக்கத்தில், நுணுக்கி நுணுக்கி:
‘எங்கள் வீடு இருந்தது.’
அந்த இடத்தில் மட்டும் அட்டை
தோலுரிந்து பஞ்சு பஞ்சாக நின்றது.

நான் வாய் திறக்கவில்லை. அவளே சொன்னாள்:
“சனிக்கிழமை வந்ததும் முதல் வேலை, அதை அழிப்பேன்.
அடுத்த சனி வந்து பார்த்தால் மறுபடி இருக்கும்.
குழுவில் சொன்னேன். கண்ணாடி மாட்டு என்றார்கள்.
கண்ணாடி நாற்பது டாலர்.”
பூவளையத்தின் பெட்டியைத்
துடைக்கத் தேவையில்லாத துணியால் துடைத்தாள்.
“பிப்ரவரியிலிருந்து
ரப்பரை வீட்டிலேயே மறந்துவிட்டு வருகிறேன்.”
எட்டு மணிக்கு ஒரு மாத்திரை
பத்து மணிக்கு ஒரு மாத்திரை என்பதுபோல்
அவ்வளவு கணக்காகச் சொன்னாள் மறதியை.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னாள்.
பெயர், ஊர், வந்த காரணம்.
காரணத்தில் டோபின் ‘கழிவறை’ என்று எழுதினான்.
அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.
பென்சிலை நூலில் கட்டி
ஆணியில் மாட்டியிருந்தார்கள்.
அவன் அதை இழுத்துப் பார்த்தான், வடக்குச் சுவரை நோக்கி,
கண்ணால் அளந்துகொண்டு.
எட்டவில்லை. நாலு எட்டு குறைந்தது.
யாரோ சொந்தப் பென்சிலோடு வருகிறார்கள்.

காரில் ஹீட்டர் சூடேறக் காத்திருந்தோம்.
ஊர் என்ற கட்டத்தில் நான் எழுதியது
உள்ளே கிடந்து உறுத்தியது:
‘இதே ஊர். நாலு தலைமுறை.’
இத்தனை வருடமாக எந்தக் கட்டத்திலும்
யோசிக்காமல் எழுதி வந்ததுதான்.

“அம்மா,
அங்கே ஏற்கெனவே வீடு இருந்தது என்றால்
அந்த வீட்டில் போய் ஊசி கேட்டிருக்கலாமே,
ஏன் கேட்கவில்லை?”

சீட் பெல்ட்டைப் போடு என்றேன்.
போட்டுத்தான் இருந்தான்.