எண் மட்டும்

பன்னிரண்டாம் வகுப்பில் எத்தனை சதவீதம்
என்று கேட்ட கட்டத்தின் தலையில்
சிவப்பாய் ஒரு நட்சத்திரம்.
நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.

நான் பன்னிரண்டு படிக்கவில்லை.
பத்து முடித்த கையோடு
உடுமலையில் பஸ் ஏறி பாலிடெக்னிக் போனவன்.
கோடு போட்டுப் பார்த்தேன், ஏற்கவில்லை.
டிப்ளமோ என்று அடித்தேன்,
எண் மட்டும் என்றது.
கடைசியில் பூஜ்யம் போட்டேன்.
நன்றி சொல்லி உள்ளே விட்டது.

இருபத்திரண்டு வருஷம் என்ன செய்தேன் என்பதற்கும்
ஒரு கட்டம் இருந்தது,
இருநூறு எழுத்துக்குள்.

நீலம்பூர்ப் பக்கம் கண்ணாடிக் கட்டடம்.
மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.
'திருமூர்த்தி சார், இந்த ஜீரோ...'
இழுத்தார் மூவரில் இளையவர்.
நான் முதல் இம்பெல்லரைச் சமன் செய்தபோது
அவர் மூன்றாம் வகுப்பில் இருந்திருப்பார்.
'அது மார்க்கு இல்லீங்க, கட்டமுங்க' என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

'சூலூர்ல ஆயிரத்து இருநூறடி போர். மணல் தள்ளுது.
மூணு மாசத்துக்கொருக்கா மோட்டார் எரியுது.
மொதல்ல என்ன பாப்பீங்க?'
நடுவில் இருந்தவர் கேட்டார்.
நான் சொல்லச் சொல்ல
அவர் பேனாவைக் கீழே வைத்தார்.
அவர் டீயில் ஆடை படிந்தது.
பிறகு தாளைப் பார்த்தார்.
'மேனேஜர் கிரேடுக்கு பி.இ. கேக்கறாங்க,
அதுவும் நல்ல காலேஜா...
சிஸ்டத்துல ஏறாதுங்க.'

சிஸ்டம் எந்த ஊருங்க என்று
நாக்கு நுனிவரை வந்தது.
ஐந்தாம் தேதித் தவணை பிடித்து இழுத்தது.

கோபம் ஹோப் காலேஜ் வரைக்கும் தாங்கியது.
'காலேஜ் எறங்கறவங்க வாங்க, காலேஜ், காலேஜ்'
கண்டக்டர் கத்தியபோது
ஏனோ குழந்தைவேலு ஞாபகம்.

பழைய கம்பெனி பூட்டுவதற்கு முந்தின வருஷம்
டெஸ்ட் பெட்டுக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டியிருந்தது.
பதினாறு வருஷ ஃபிட்டர் அவன்.
கேசிங்கில் உள்ளங்கை வைத்து
பேரிங் எத்தனை வாரம் தாங்கும் என்பான்.
தப்பினால் ஒரு வாரம் தப்பும்.
'டிப்ளமோவாச்சும் இருக்கோணுமில்ல, குழந்தைவேலு.'
சொன்னது எந்தச் சிஸ்டமும் இல்லை.
இதே வாய்.
'செரிங்ணா' என்றான்.
பனியன் வேஸ்ட்டில் கை துடைத்தான்,
நெடுநேரம், விரல் விரலாக.
அந்த இடத்துக்கு வந்த பையனும்
கெட்டிக்காரன்தான், குறை சொல்ல மாட்டேன்.

நின்றபடியே போனில் தேடினேன்.
'குழந்தைவேல் ஐடிஐ'
என்று பதிந்து வைத்திருக்கிறேன்,
அவனுக்கு அது ஊர்ப் பெயர் போல.
அந்த மூன்றெழுத்தை அழித்தேன்.
கொடுக்க என்னிடம் வேலை ஏதுமில்லாத
இந்த மத்தியானம் பார்த்து
அழைக்கிறேன்.

'சொல்லுங்ணா' என்கிறான்.
அவன் பின்னால் எங்கோ
ஒரு பேரிங் தேயும் சத்தம்.
எனக்குக் கேட்கிறது.
அவனுக்கு
எப்போதோ கேட்டிருக்கும்.