மூன்றாம் இறகு

அறுபது மீட்டர் இறகை ஐம்பதால் வகுத்தோம்.
ஒரு மீட்டர் இருபது வந்தது.
மைதீன் பிச்சை அதைத் தன் மினி டெம்போவில்
பழைய மெத்தைக்கும் சாக்குக்கும் நடுவே கிடத்தி
வள்ளியூரிலிருந்து பணகுடிக்கு
இரண்டாம் கியரைத் தாண்டாமல் ஓட்டிவந்தார்.
"புள்ளைத்தாச்சிய கூட்டிட்டு வந்த மாரி இருக்குவே" என்றார்.

ஐம்பதால் வகுக்க முடியாதது காற்று.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் உடம்பை ஒடுக்கி நுழைந்து
இந்தப் பக்கம் தோளை விரிக்கிறது.
மழையை மலைக்கு அப்பாலே இறக்கிவிட்டு
வெறுங்கையோடு வருகிறவனின் வேகம் அதற்கு.
ஆடி பிறந்து நாலு நாள்.
உடைமரங்கள் கிழக்கே குனிந்து
எதையோ தொலைத்தவை போல நிற்கின்றன.
ஆடுகள் காற்றுக்கு முதுகு காட்டிப் படுத்துவிட்டன.

பெர்பெத்துவா உவரிக்காரி.
லாகரின் திரையைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு படிக்கிறாள்.
முதல்நாளே விளக்கியிருந்தாள்:
பெரியது நிமிடத்துக்குப் பன்னிரண்டு சுற்று.
நுனி அதே வேகத்தில் காற்றை அறுக்க
இது அறுநூறு சுற்ற வேண்டும்.
அப்படியும் கணக்கு முழுசாக ஒட்டாது.
சின்ன இறகுக்கு இதே காற்று கொஞ்சம் கெட்டி.
கருப்பட்டிப் பாகில் விழுந்த எறும்புக்குத் தெரியும்
பாகு என்றால் என்னவென்று.
நமக்கு அது இனிப்பு.

மூன்று இறகுகள்.
ஒவ்வொன்றாய்த்தான் மாட்டுவோம், எதிர்ப்பக்கம் ஈயக்கட்டி.
ஒன்றில் மட்டும் பிழை வைத்திருந்தேன்,
வேண்டுமென்றே. எண்ணை எழுதிக்
கையெழுத்துப் போட்டு உறையில் ஒட்டியிருந்தேன்.
அவளுக்குத் தெரியக் கூடாது;
கருவி கண்டுபிடிக்கிறதா என்பதுதான் சோதனை.
நாலாம் அடுக்குக்கும் ஐந்தாம் அடுக்குக்கும் இடையே
பிசின் பிடிக்காதபடி மெழுகு தடவி வைத்தது
ஒரு பஸ் டிக்கெட்:
நாகர்கோவில் – திருநெல்வேலி, இடைநில்லாப் பேருந்து.
அன்று சட்டைப்பையில் அதுதான் இருந்தது.

முதல் இறகு. பதினெட்டு, இருபது, இருபத்தொன்று.
கம்பம் ஊளையிட்டது.
இறகு இருந்த இடத்தில்
சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் மட்டும்.
தேறியது.

இரண்டாம் இறகு பத்தொன்பதிலேயே போயிற்று.
பாதி உடைமரத்தில் செருகி நின்றபிறகுதான்
சத்தம் கேட்டதாக ஞாபகம்.
துணையிழந்த ஈயக்கட்டி கம்பத்தைப் பிடித்து உலுக்க
பிரேக்கை மிதித்தேன்.
ஆடுகளில் ஒன்று எழுந்து பார்த்துவிட்டுத்
திரும்பப் படுத்துக்கொண்டது.
"இதானே அண்ணாச்சி? ரெண்டுலதானே வச்சீங்க?"
பதில் சொல்லாமல் முறிவை எடுத்துப் பிளந்து பார்த்தேன்.
நாலாம் அடுக்கு. ஐந்தாம் அடுக்கு.
நகம் நுழையாதபடி ஒட்டியிருந்தது.
என் கை செய்த நல்ல வேலை.

மூன்றாவதை மாட்டினோம்.
இருபது. இருபத்திரண்டு.
மகேந்திரகிரி மேகத்தை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டது.
இருபத்துநாலு.
மைதீன் பிச்சை டெம்போவுக்குப் பின்னால் குந்தி
லுங்கியை முழங்காலுக்குள் செருகிக்கொண்டார்.
திரையில் கோடு நடுங்கவே இல்லை என்றாள்.
இருபத்தாறு.
உள்ளே ஒரு டிக்கெட்
எங்கும் நிற்காமல்
நிமிடத்துக்கு அறுநூறு முறை
திருநெல்வேலிக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆறரைக்கு நிறுத்தி உறையைக் கொடுத்தேன்.
படித்தாள். காற்றில் படபடத்த தாளை
முழங்காலில் அழுத்தி மறுபடியும் படித்தாள்.
"அப்ப ரெண்டாவதுக்கு என்ன வந்துச்சு?"

படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
பிழை இருந்தது, உடைந்தது.
பிழை இல்லை, நின்றது.
கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில்,
பென்சிலால் ஏதோ எழுதினாள்; என்னவென்று நான் கேட்கவில்லை.

எங்களுக்குப் பின்னால் காவல்கிணறு வரைக்கும்
அறுபது மீட்டர்கள் பொறுமையாகச் சுற்றிக்கொண்டிருந்தன.
நாலாம் அடுக்குக்கும் ஐந்தாம் அடுக்குக்கும் நடுவில்
எவன் சட்டைப்பையில் அன்றைக்கு
என்ன இருந்ததோ.

"நாளைக்கும் வண்டி வேணுமாவே?"
"வேணும்" என்றாள் பெர்பெத்துவா. "மெத்தை வேண்டாம்."