ஆயில் மாற்றும் நாள், மோல்மேன்

கோ ஸா வின் இரண்டு டப்பாக்களை
வண்டி ஸீட்டின் மேல் வைக்கிறான்.
தங்க மூடி போட்டது சிந்தெடிக்.
மற்றது சாதா, ஒரு மூலை நசுங்கியிருக்கிறது.

'இது எட்டாயிரம் தாங்கும்.
அது இரண்டாயிரம்,
சேற்றில் ஓட்டினால் அதுவும் இல்லை.'

கணக்கு எனக்கும் தெரியும்.
முடோன் போய்வர அறுபது கிலோமீட்டர்,
பின்னால் ரப்பர் ஷீட் இரண்டு கட்டு,
சில நாள் பள்ளிக்கூடத்து டீச்சர்.
எட்டாயிரம் என்றால்
திஞ்சான் தண்ணீர் தலையில் விழும்வரை வரும்.
மூன்று நாள் கூலி கூடுதல்,
ஆனாலும் லாபம்தான்.

திஞ்சான் வரைக்கும் யார் கண்டது?

போன வியாழன் பாலத்துக் கேட்டில்
சவரிமுத்துவை இறங்கச் சொன்னார்கள்.
ரசீது இல்லை, காரணம் இல்லை.
செருப்போடு நடந்தே வந்தான்.
வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.
'முந்நூறுகூட ஓடாத ஆயிலடா,
தங்க மூடி' என்றுதான்
திரும்பத் திரும்பச் சொன்னான்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு
'உன் இன்ஜினில் சீல் எல்லாம் பழசு,
சிந்தெடிக் கசிந்தாலும் கசியும்'
என்கிறான் கோ ஸா வின்.
அதில் பாதி நிஜம்.
மீதியை எனக்காகச் சேர்த்தான்.

போல்ட்டைக் கழற்றுகிறான்.
பழையது இறங்குகிறது
கறுப்பாக, அவசரமே இல்லாமல்.
அது வடிந்து தீரும்வரை
நான் எதுவும் சொல்லவேண்டியதில்லை.
கடைசிச் சொட்டு
விழமாட்டேன் என்று தொங்குகிறது.

'சாதாவையே ஊத்து.'

தங்க மூடியை அவன்
அலமாரிக்குக் கொண்டுபோகும்போது
கேட்டுவிட்டேன்:
'அடுத்த மாசமும் இருக்குமா?'

'அது இருக்கும்' என்றான்.