ஒத்தச் செருப்பு

ஏழு மணிச் சங்கு ஊதி முடிய
கதவைச் சாத்துவேன்.
பஸ் பிடிக்கத் தேயிலைக்குள் குறுக்குப்படி இறங்கி
வாய்க்காலைத் தாண்டும் முன்னே
தொடங்கிவிடும் சூட்டியின் ஊளை.
பொகவந்தலாவை டவுனில், மருந்துக்கடையில்
மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருக்கும்போதும்
அது என் காதுக்குள் ஊளையிட்டபடியே இருக்கும்.

எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரைவரை போகாது.
அடுத்த காம்பிரா யோகராசா
இரவெல்லாம் பெக்டரியில் கொழுந்து வாட்டிவிட்டுப்
பகலில் உறங்க வருகிறவர்.
"ஒன் நாய் தினம் எழவு வீடு நடத்துது, தங்கச்சி" என்றார்.
அடுத்த தடவை சொன்னபோது
தங்கச்சியை விட்டுவிட்டார்.

கதவின் கீழ்ப்பலகை முழுக்க நகக்கீறல்.
ஒரு கீறலில் ரத்தம் காய்ந்திருந்தது.
நான் பார்த்தது அதையல்ல,
போன சம்பளத்தில் வாங்கிய செருப்பை.
வலது கால் மட்டும் நார்நாராய்.
விளக்குமாற்றை எடுத்தேன்.
ஒரே அடிதான்.

மறுநாள் மாலை நான் உள்ளே வர
வயிறு சிமெந்தில் உரச ஊர்ந்து வந்து
காலடியிலேயே மூத்திரம் விட்டது.
பழி வாங்குதோ என்று முணுமுணுத்துக்கொண்டே துடைத்தேன்.
துடைக்கும்போது கண்டேன்.
அது என் முகத்தைப் பார்க்கவில்லை,
மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றைப் பார்த்தது.

அப்புறம்தான் நானும் அதைப் பார்க்கத் தொடங்கினேன்.

கதவல்ல அதற்கு எதிரி, குடை.
ஆணியிலிருந்து குடையை எடுத்ததும் வால் இறங்கும்.
சாவி கிலுங்கினால் ஒரு கொட்டாவி,
தூக்கத்தில் வருகிற கொட்டாவியல்ல அது.
பிறகு உதட்டை நக்கும், நக்கும்.
நான் சோறு கட்டும்போதே
அதன் கணக்கில் போய்விட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை
குடையை எடுத்தேன், வெங்காயம் உரித்தேன்.
சாவியை இடுப்பில் சொருகி அரிசி களைந்தேன்.
சப்பாத்துப் போட்டுக்கொண்டு பாயில் படுத்தேன்.
மேல்லயத்து அன்னபாக்கியம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்
பீலியடியில் சொன்னாளாம்,
கலியாணம் தள்ளிப்போனால் இப்படித்தான் ஆகுமென்று.
பதினோராவது தடவை குடையைத் தொட்டபோது
சூட்டி தலை தூக்கவில்லை.
ஒரு காது மட்டும்.

பிறகு கதவு.
வெளியே நின்று பத்து எண்ணி உள்ளே வந்தேன்.
ஊளை தொடங்குமுன் வரவேண்டும்.
பிந்தினால்
ஊளைதான் என்னைக் கூட்டிவந்ததென்று நினைத்துக்கொள்ளும்.
வந்தபின் கொஞ்சலில்லை, கொண்டாட்டமில்லை,
பேசாமல் ஒரு நெத்தலித் தலை.
பத்து. இருபது. முப்பது.
இஸ்தோப்புத் தகரம் கழுத்துக்குள் மழை சொட்ட
நாற்பதை எண்ணும்போது நினைவு வந்தது,
அம்மா குவைத்துக்குப் போன காலை
எனக்கு யாரும் பத்திலிருந்து தொடங்கவில்லை.
எண்ணிக்கை தவறிவிட்டது.
உள்ளே போய்
திரும்பவும் ஒன்று, இரண்டு.

அரை மணித்தியாலம் வரை வந்திருந்தோம்.
பிறகொரு பகலில் மலையே பிளந்ததுபோல் இடி.
மூன்று வாரம் அப்படியே கரைந்துபோனது.
திட்டவில்லை.
பத்திலிருந்து.

போன புதன்கிழமை
வாய்க்காலைத் தாண்டினேன். சத்தமில்லை.
நின்றேன்.
கீழே பஸ்காரன் ஹோர்ன் அடித்தான், மறுபடி அடித்தான்.
சத்தமில்லை.
காலெடுத்து வைக்க
எனக்குத்தான் முடியவில்லை.

மாலையில் வாசலில் யோகராசா,
மிளகாய் மாதிரிச் சிவந்த கண்.
"இன்னைக்குப் பொட்டுத் தூக்கமில்ல.
ஒரு சத்தமும் காணோமே, நாய்க்கு என்னமோ ஆகிப்போச்சுன்னு
மூணு தரம் ஜன்னல்ல வந்து பார்த்தேன்.
அது பாட்டுக்கு
அந்த ஒத்தச் செருப்பு மேல தலைய வச்சுத் தூங்குது,
தங்கச்சி."