ஓலையின் வயது

பக்தபூரில் மூன்றாம் நாளாக மழை.
கேதார்மான் ராஜோபாத்யாயர்
சிவப்புத் துணியை அவிழ்த்தார்.
கொக்கித் தலை எழுத்தைப் பார்த்துச் சொன்னேன்:
எண்ணூறு வருடம், மிஞ்சிப்போனால்.
"அது ஓலைக்கு" என்றார்,
மழையைக் கேட்டபடி.

ஐந்தாம் ஏட்டில் பூச்சி தின்ற ஓட்டை.
அதன் வழியே அவர் கட்டைவிரல் தெரிந்தது.
நான் அடைப்புக்குறி போட்டு
உள்ளே புள்ளிகள் வைத்தேன்.
அவரோ ஓதிக்கொண்டே
ஓட்டையைத் தாண்டிப் போனார்,
மின்சாரம் போன சந்தில்
வீடு திரும்புகிறவர் போல.

ஓதியதில் ஓரசை கூடுதல். யாப்பு இடிக்கிறது.
சொல்ல வாயெடுத்தேன்.
மருமகள் தேநீரோடு வந்தாள்.

இரவு, விடுதியில்,
புள்ளிகளை அழித்துவிட்டு
அந்த அசையையும் சேர்த்தெழுதி
ஓரத்தில் குறித்தேன்:
சான்று, ஒரு குரல்.
காலம், தெரியவில்லை.