பதினெட்டுப் பாகை

வைகாசி. வெளியில் முப்பத்தாறு.
கொக்குவிலில் தார் ரோட்டு
செருப்பைப் பிடித்து இழுக்கிறது.
வீட்டுக்குள் ஒரேயொரு கண்ணாடிப் பெட்டியை
பதினெட்டுப் பாகையில் வைத்திருக்கிறேன்.

பெட்டிக்குள் மாப்பிள்ளை.
பேர் வைத்தது மயூரதி.
கலியாண வீடியோ முழுக்க
என்ன நடக்குதெண்டே தெரியாமல்
சிரித்துக்கொண்டு நிற்கிற முகமாம்.

வெள்ளவத்தையில் வாங்கி
ரெஜிபோம் பெட்டியில் இரவு பஸ்ஸேற,
"யாழ்ப்பாணத்துக்கு மீன் கொண்டு போறியளோ?"
கண்டக்டர் சிரித்தான்.
மீன் இல்லை, அக்ஸலோட்டில் என்றேன்.
"அப்ப என்ன?"
வவுனியா தாண்டும் வரை யோசித்தேன்.

கல் போட்டால் விழுங்கிவிடும்.
அடித்தளம் வெறுமை.
வெளிச்சம் ஆகாது, ஒளிய உடைந்த பானையின் பாதி.
கேத்திலில் வெள்ளைப் பொருக்குக் கட்டுகிற
எங்கள் கிணற்றுத் தண்ணீரை
நான் திட்டாத நாளில்லை;
அது அவருக்குப் பிடித்திருக்கிறது.
வாழையடி மண்புழு இரண்டு, ஒன்றுவிட்ட நாள்.
மற்றபடி ஐஸ்.
ஆறு மணிக்கொருக்கால் ஒரு நெக்டோ போத்தல்
உறைந்து உள்ளே போகும், உருகி வெளியே வரும்.
இறாலுக்கு ஃபிரிட்ஜில் இடமில்லை.

சிரிப்பை மட்டும் நம்பக்கூடாது.
வாயின் வெட்டு அப்படி. செத்தாலும் சிரிக்கும்.
பார்க்கவேண்டியது செவுளை:
முன்னுக்கு வளைந்தால் ஏதோ பிழை,
பின்னுக்கு விரிந்து ஆடினால் சுகம்.

செவ்வாய்க்கிழமை ஃபிரிட்ஜ் நின்றது.
குருநகரிலிருந்து அருளப்பு வந்தார்.
"உதுக்குள்ள என்ன பிள்ளை, சோடாக் கடையோ?"
காட்டினேன்.
முழங்காலைப் பிடித்துக் குந்தினார்.
இடது கையில் இரண்டு விரல் இல்லை.
இந்த ஊரில் அதை ஒருத்தரும் கேட்பதில்லை.

மாப்பிள்ளையின் முன்காலைக்
கடையிலேயே கூட்டாளி கடித்துவிட்டது.
மொட்டை நுனியில் இப்போது
குறுணி மாதிரி நாலு.
"முளைக்குதோ?"
"ஓம்."
"எத்தினை நாள்?"
"நாற்பத்தொண்டு."
வேறொன்றும் கேட்கவில்லை.
கையைக் கண்ணாடியில் வைத்தார்.
புழுவென்று நினைத்து அது வந்து
மிச்ச மூன்று விரலையும்
ஒவ்வொன்றாய்க் கொத்திப் பார்த்தது.
"விசரன்," என்றார்.

காஸ் அடித்தாயிற்று. காலமை வரை திறக்கக்கூடாதாம்.
தெர்மோமீற்றர் இருபத்திரண்டு.
மேசைவிசிறியைத் தண்ணீருக்கு நேரே திருப்பினேன்.
ஈரத் துவாயைச் சுற்றினேன்.
இருபத்துமூன்று.
செவுள் கொஞ்சம் முன்னுக்கு வந்த மாதிரியும்
வராத மாதிரியும்.

ஏழு மணிக்குப் படலையில் சைக்கிள் மணி.
சாக்குக்குள் ஒரு கட்டி, உமி ஒட்டியபடி.
"ஐஸ் கொம்பனியில சும்மா தந்தவங்கள்."
சும்மா தரமாட்டார்கள், எனக்குத் தெரியும்.

குந்தியிருந்து உடைத்தோம்.
நான் போத்தலில் நிரப்ப,
அவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு
"இப்ப எவ்வளவு?" என்பார்.
இருபத்தொன்று.
கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?"
வீடு முழுக்க மீன் மணம்.
இருபது.