இடக்கை பேஸ்

கொழும்பிலிருந்து வந்த சவுண்ட்காரர் கேட்கிறார்:
தங்கச்சி இடக்கையா?

இல்லை.
சோறு தின்பது, கையெழுத்து வைப்பது,
கோபம் வந்தால் அறைவது எல்லாம் வலக்கை.
இது மட்டும்தான் இப்படி.
லைன் செக்குக்கு இன்னும் இருபது நிமிசம் கிடக்கு,
கேளுங்க.

அறுபத்தொன்பதில் டச்பாரில் வின்சன்ற் ரேகல்,
அலுமாரியும் சவப்பெட்டியும் செய்கிற பட்டறைக்காரர்,
ஒரு இசைத்தட்டு உறையின் படத்தை
நூல் பிடித்து அளந்து
முதிரைப் பலகையில் ஒரு பேஸ் கிற்றார் அறுத்தார்.
ரேகல் அதற்கு முன் பேஸ் கண்டதில்லை.
படத்தில் நின்றவன் இடக்கைக்காரன்.
கொம்பு இருந்த பக்கம் கொம்பு வைத்தார்,
முறுக்காணி இருந்த பக்கம் முறுக்காணி.
காந்தம், தபால் கந்தோரில் கழித்த ரெலிபோனின் காதுக்குள் இருந்து.

மறுகா என்ன,
ஊருக்கு ஒரு பேஸ்.
அதைத் தொட்டவனெல்லாம் இடக்கையில் பழகினான்.
பேஸ் என்றால் அப்படித்தான் பிடிக்க வேணும் என்று
தாண்டவன்வெளி முழுக்க நம்பியது.

குழுவுக்குப் பெயர் லகூன் ஃபைவ்.
எப்போதும் நாலு பேர்தான் வருவார்கள்.
கலியாண வீட்டில் கேக் வெட்டினபின் பைலா,
திருவிழாவில் நடுச்சாமம் கழிய
பொப்.
நோட்டீசில் அச்சுக்காரன் 'பாப்பிசை' என்று போட
குழந்தைப் பாட்டு என்று நினைத்து
தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம்.
பாடுமீனைப் பற்றிக் கேட்காதீங்க,
அது எங்கள் குழுவில் இல்லை.

எழுபத்துமூன்று. சீமைச் சாமான் வராது,
பாணுக்கே விடியற்காலை வரிசை,
நாலாம் கம்பி அறுந்துபோச்சு.
காத்தான்குடிச் சைக்கிள் கடை ஜுனைதீன் காக்கா
பிரேக் வயர் ஒன்றை இழுத்துக் கட்டித் தந்தார்.
டும் என்றது போய் டொங் என்றது.
அந்த டொங்குக்காகவே ஏறாவூரிலிருந்து ஆள் வந்தது.

எழுபத்தெட்டுச் சூறாவளி ட்ரம்ஸைக் கொண்டுபோனது,
ஹோலின் கூரையையும்.
முதிரை கனம்,
சேற்றில் தாழ்ந்து கிடந்து தப்பியது.

தொண்ணூற்றிரண்டு, மண்முனைத்துறை.
துணி சுற்றின நீளச் சாமான்.
பிரி என்றான் சிப்பாய். பிறகு, வாசி என்றான்.
அம்ப் இல்லாத பேஸ் நுளம்பு மாதிரித்தான்.
அவன் குனிந்து மரத்தில் காது வைத்துக் கேட்டான்,
ஒன்றும் சொல்லாமல் போகவிட்டான்.
திரும்பி வரும் நாளில் வேறு சிப்பாய்.
பேஸை ஓடக்காரர் கொண்டுவந்து வைத்தார்.
வாசித்தவன் பெயர் தவநேசன்.
இந்த இடத்தை நான் எப்போதும் கெதியாய்ச் சொல்லிப்போடுவேன்.

பின்பக்கத் தகட்டைக் கழற்றினால்
உள்ளே பென்சிலில் பெயர்கள்.
எல்லாருக்கும் இரண்டு வருசங்கள், எடுத்தது, விட்டது.
அவனுக்கு ஒன்றுதான்.

சுனாமி அன்று இது அடகுகடையில் இருந்தது.
கடனுக்கும் நன்றி சொல்ல ஒரு நாள் வந்தது.

எனக்குப் பதினேழில் கிடைத்தது.
போனில் உலகத்துப் பேஸ்காரரையெல்லாம் பார்த்தபோதுதான்
விசயம் விளங்கியது.
முதலில் சிரிப்பு, மறுகா சரியான கோபம்,
ஐம்பது வருசம் ஒரு ஊர்
கண்ணாடிக்குள் நின்று வாசித்திருக்கு,
ஒருத்தரும் வந்து சொல்லவில்லை.
கல்முனையில் வலக்கை பேஸ் ஒன்று வாங்கினேன்,
சீனத்துச் சாமான், நல்ல சத்தம்.
என் விரல்களுக்கு அது வீடு மாறின பூனை.
ஒரு மாசத்தில் விற்றுப்போட்டேன்.

சரி, மொனிட்டரில் என்னைக் கொஞ்சம் கூட்டுங்க.
மூன்று கம்பி புதுசு.
நாலாவது இன்னும் பிரேக் வயர்தான்,
தொட்டு ஒரு கணம் கழித்துத்தான் பேசும்.
மெசினில் பிழை என்று தேடாதீங்க.
ட்ரம்ஸில் இருக்கிற மெர்வினுக்குத் தெரியும்,
அவன் நிற்பான்.